நுகரும் நஞ்சும் நோக்கம் பார்க்கும் சட்டமும்

ஆக்லாந்து மாநகரின் கிழக்கே, டமாகி ஆற்றைப் பான்மியூர்ப் பாலத்தின் வழியே கடந்தவுடன் தொடங்கும் பக்குரங்கா, வீடும் தோட்டமும் பள்ளிக்கூடமும் விளையாட்டு மைதானமுமாகப் பரந்து கிடக்கும் ஓர் இல்லறப் புறநகரம். 1965-ஆம் ஆண்டில் இங்கே பெரிய அங்காடி வளாகம் ஒன்று எழுந்த காலத்தில் ஐரோப்பிய வம்சத்தவரே மிகுதியாக வாழ்ந்த இப்பகுதியில் இன்று சீனரும் இந்தியரும் இலங்கையரும் பசிபிக் தீவினரும் கலந்து வாழ்கிறார்கள். அவர்களுள் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. பிள்ளைகளின் படிப்பை உத்தேசித்தே கடல் கடந்து வந்த இக்குடும்பங்களில் போதையைப் பற்றிப் பேச்செழுமானால், பெற்றோர் மனத்தில் முதலில் தோன்றுவன மதுவும் கஞ்சாவும், இந்நாட்டைப் பல ஆண்டுகளாக வாட்டிவரும் மெத்தாம்ஃபெட்டமினுமே. அவற்றைப் பெற வேண்டுமானால் ஒருவன் வெளியே சென்று, தகாத மனிதரை நாடி, சட்டத்துக்கு அஞ்சி ஒளிந்து வாங்க வேண்டியிருக்கும். சமையலறை அலமாரியிலும் குளியலறைத் தட்டிலும் கார்க் கொட்டகையிலும் பகிரங்கமாக இருக்கும் பொருள்களின் ஆவியையே முகர்ந்து மயக்கம் கொள்ளும் பழக்கம் ஒன்று உண்டு என்பதும், அது சில சமயம் ஒரே க்ஷணத்தில் உயிரைப் பறித்துவிடக் கூடியது என்பதும் நம்மவரிற் பலர் அறியாத விஷயங்கள். அந்த அறியாமையை ஓரளவேனும் போக்க வேண்டும் என்னும் கவலையினாலேயே இதை எழுத முற்பட்டேன்.

முகர்ந்து பெறும் போதை என்று ஒரே பெயரால் குறிக்கப்பட்டாலும், இப்பொருள்கள் சரீரத்தினுள் புகுந்து செய்யும் காரியங்கள் வெவ்வேறானவை. கேக்கின் மேல் பூசும் கிரீமை நுரைக்கச் செய்வதற்காகச் சிறு எஃகுக் குப்பிகளில் அடைத்து விற்கப்படும் நைட்ரஸ் ஆக்ஸைடு ஒரு வகை. சிகரெட் லைட்டருக்கு நிரப்பும் வாயுவிலும், வாசனைத் தெளிப்பான் டப்பாக்களிலும் உள்ள பியூட்டேன் மற்றொரு வகை. பெயிண்டைக் கரைக்கும் தின்னரிலும், பசைகளிலும், பெட்ரோலிலும் அடங்கிய டொலுவீன் முதலிய கரைப்பான்கள் மூன்றாவது வகை. சிறு புட்டிகளில் 'பாப்பர்' என்ற பெயரில் விற்கப்படும் நைட்ரைட்டுகள் நான்காவது வகை. இவற்றுள் எதையும் மனிதன் போதைக்காகவென்று கண்டுபிடிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் நேர்மையான உபயோகம் ஒன்று உண்டு. இந்த உண்மையை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது, அது திணறுமிடம் இதுவே என்பது விளங்கும்.

நைட்ரஸ் ஆக்ஸைடின் சரித்திரம் மிகவும் சுவையானது. 1772-இல் ஜோசப் பிரீஸ்ட்லி இவ்வாயுவைப் பிரித்தெடுத்தார். 1799-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து வாயு மருத்துவ நிலையத்தில் வேலை பார்த்த இளைஞரான ஹம்ஃப்ரி டேவி, அதைத் தாமே முகர்ந்து பார்த்து, மனம் இலேசாகி நகைப்பு மேலிடுவதைக் குறித்து வைத்தார். மறு வருஷம் வெளியிட்ட நூலில், வலியைப் போக்கும் சக்தி இதற்கு இருப்பதால் சத்திர சிகிச்சையில் பயன்படக்கூடும் என்றும் அவர் எழுதினார். ஆயினும், வலியால் துடித்த நோயாளிகளுக்கு அந்த வாக்கியத்தின் பயன் கிட்ட நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அதற்குள் இவ்வாயு நாடகக் கொட்டகைகளில் கூட்டத்தைச் சிரிக்க வைக்கும் வேடிக்கைப் பொருளாய்விட்டது. 1844-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் அத்தகைய வேடிக்கை ஒன்றைப் பார்க்கச் சென்ற பல் வைத்தியர் ஹோரஸ் வெல்ஸ், வாயுவை முகர்ந்த ஒருவர் காலில் அடிபட்டும் வலியை உணராதிருந்ததைக் கண்டு, மறுநாளே தம் பல்லை அவ்வாயுவின் மயக்கத்தில் பிடுங்கச் செய்து சோதித்தார். மனிதகுலத்துக்கு மயக்க மருந்தின் வாசலைத் திறந்தவர்களுள் ஒருவரான அதே வெல்ஸ், பின்னாளில் குளோரோஃபாரத்தைத் தம்மீதே சோதித்துச் சோதித்து அதற்கு அடிமையாகி, புத்தி பேதலித்து, 1848-இல் நியூயார்க் சிறையொன்றில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மருந்தும் போதையும் ஒரே பொருளுக்குள் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பதற்கு இந்த மனிதரின் வாழ்க்கையைக் காட்டிலும் துயரமான உதாரணத்தை நான் அறியேன்.

இன்றைக்கும் நியூசிலாந்தின் பிரசவ அறைகளில், வேதனையுறும் தாய்மார்களுக்கு இவ்வாயுவைப் பிராணவாயுவோடு கலந்து கொடுக்கிறார்கள். அங்கே அது அளவறிந்து, மருத்துவச்சியின் மேற்பார்வையில், சில மணி நேரத்துக்கு மட்டுமே பிரயோகிக்கப்படுகிறது. இளைஞர்கள் 'நாங்' என்று அழைத்து விருந்துகளில் முகரும்போதோ, உள்ளே போவது பிராணவாயு கலவாத தனி வாயு. முன்னாளில் இது எட்டு கிராம் கொண்ட சிறு குப்பிகளாக மட்டுமே கிடைத்தது. அண்மைக் காலத்தில் அறுநூறு கிராமுக்கு மேற்பட்ட வாயுவைக் கொண்ட பெரிய உருளைகள், பழங்களின் சுவையும் பளபளப்பான வர்ணமும் பூசப்பட்டுச் சந்தைக்கு வந்துவிட்டன. கிரீம் நுரைக்கச் செய்யும் எந்தச் சமையற்காரருக்கு ஸ்ட்ராபெரி மணமுள்ள வாயு வேண்டும் என்று கேட்டால், விற்பவர் என்ன விடை சொல்வார் என்பது எனக்கு விளங்கவில்லை. அளவு பெருகியதோடு ஆபத்தும் பெருகிற்று. ஒரு குப்பி தீர்ந்ததும் மறு குப்பியைத் தேட வேண்டியிருந்த காலத்தில் இருந்த தடங்கல், கையில் உருளை வந்தவுடன் மறைந்துவிட்டது.

இவ்வாயுவினால் நேரும் முக்கியமான கெடுதி நரம்பைப் பற்றியது. அதை விளக்க வைட்டமின் பி12-ஐப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பி12-இன் நடுவே கோபால்ட் என்னும் உலோக அணு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அந்த அணு தக்க நிலையில் இருந்தால்தான் வைட்டமின் தன் தொழிலைச் செய்யும். நைட்ரஸ் ஆக்ஸைடு அந்தக் கோபால்ட்டை ஆக்ஸிகரணம் செய்து, வைட்டமினை இருந்தும் இல்லாததாக்கிவிடுகிறது. பி12 செயலிழந்தால் மெதியோனின் என்னும் பொருளின் உற்பத்தி தடைப்படுகிறது. அது தடைப்பட்டால், மின்கம்பியைச் சுற்றிய ரப்பர் உறையைப் போல நரம்பைச் சுற்றியுள்ள மையலின் என்னும் கொழுப்புறை பழுதாகிறது. முதுகுத் தண்டின் பின்புறமும் பக்கங்களும் முதலில் பாதிக்கப்படுகின்றன. கால் விரல்களில் மதமதப்பும் எறும்பு ஊர்வது போன்ற உணர்ச்சியும் தோன்றி, மெல்ல மேலேறி, பின்னர் நடையில் தள்ளாட்டம் ஏற்படுகிறது; கண்ணை மூடிக்கொண்டு நின்றால் விழப் போகும் நிலை வருகிறது; சிலருக்குச் சிறுநீர் கழிப்பதிலும் தடுமாற்றம் நேர்கிறது. இருபது வயது நிரம்பாத பிள்ளை ஊன்றுகோலை நாடும் காட்சியை ஆஸ்பத்திரி நரம்பியல் பிரிவுகள் பல தேசங்களிலும் கண்டுவருகின்றன.

இது புதிதாகக் கண்டறியப்பட்ட ரகசியமும் அன்று. 1956-இலேயே கோபன்ஹேகனில், தசை இசிவு நோயாளிகளை நாட்கணக்கில் இவ்வாயுவின் மயக்கத்தில் வைத்திருந்த லாசன் முதலிய மருத்துவர்கள், அவர்களுடைய எலும்பு மஜ்ஜை இரத்த அணுக்களை உண்டாக்குவதை நிறுத்திவிட்டதைக் கண்டு எச்சரித்தார்கள். 1978-இல் ராபர்ட் லேஸர் என்னும் நரம்பியல் நிபுணர், இவ்வாயுவை நெடுங்காலம் முகர்ந்து நரம்பும் முதுகுத் தண்டும் கெட்ட பதினைந்து பேரைப் பற்றி எழுதினார். அவர்களுள் பதினால்வர் பல் வைத்தியர்கள். பொருளின் குணத்தை நன்கு கற்றவர்களே தப்பவில்லையென்றால், விருந்துக்கு வந்த மாணவன் தப்புவானென்று எப்படி எதிர்பார்ப்பது?

இவ்விடத்தில் தமிழ் வாசகர்களுக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. பி12 இயற்கையில் மாமிசம், மீன், முட்டை, பால் ஆகியவற்றிலேயே உண்டு. காய்கறியிலும் தானியத்திலும் இல்லை. மரக்கறி உணவையே மேற்கொண்ட நம் குடும்பங்களில், பாலும் தயிரும் போதிய அளவு சேர்க்காதவர்களுக்கு, இவ்வைட்டமினின் கையிருப்பு முன்னமே குறைந்திருப்பது சாதாரணம். தெற்காசிய மக்களிடையே இக்குறை பரவலாகக் காணப்படுவதை மருத்துவ உலகம் அறியும். நன்றாக மாமிசம் உண்ணும் ஒருவன் பல மாதங்கள் முகர்ந்து அடையும் கேட்டை, கையிருப்பு வற்றிய சரீரம் வெகு சீக்கிரத்தில் அடைந்துவிடும். ஒரே அறையில், ஒரே உருளையிலிருந்து முகர்ந்த இரு நண்பர்களுள் ஒருவன் மறுநாள் பள்ளிக்குப் போக, மற்றவன் சில வாரங்களில் கால் தடுமாறி நிற்கலாம். நம் பிள்ளைகள் அந்த இரண்டாமவனாக இருப்பதற்கு உணவுப் பழக்கமே காரணமாகிவிடக்கூடும் என்பதை வீடுகளில் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இவ்வாயுவின் மற்றக் கெடுதிகளைச் சுருக்கமாகச் சொல்லி அப்பால் செல்லலாம். அழுத்தத்திலிருந்து வெளியே பாயும் வாயு கடுங்குளிராக இருப்பதால் உதடும் தொண்டையும் வெந்தாற்போல் புண்ணாகும். மூடிய இடத்தில் முகர்ந்தால் பிராணவாயு இன்றி மூளை ஸ்தம்பித்து மரணம் நேரும். இரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்னும் பொருள் மிகுவதால் நாளங்களில் இரத்தம் உறையும் அபாயம் உண்டு. காரோட்டும் ஒருவர் இதை முகர்ந்தால் நிகழக்கூடியதை விவரிக்க வேண்டியதில்லை.

பியூட்டேன் வாயுவின் கொடுமை வேறு விதமானது. நைட்ரஸ் ஆக்ஸைடு திரும்பத் திரும்ப முகர்ந்தவனை மெல்ல முடமாக்குகிறதென்றால், பியூட்டேன் முதன்முறை முகர்ந்தவனையும் அங்கேயே சாய்த்துவிடும். இவ்வாயு ஹிருதயத் தசைகளை அட்ரினலினுக்கு அளவு மீறிக் கூர்மையாக்கி வைக்கிறது. அச்சமயத்தில் ஒருவன் திடுக்கிட்டாலோ, ஓடினாலோ, சண்டையிட்டாலோ, உடலில் பெருகும் அட்ரினலின் ஹிருதயத்தின் தாளத்தையே குலைத்துவிட, அது துடிப்பை இழந்து வெறுமனே நடுங்குகிறது. சில நிமிஷங்களில் உயிர் பிரிகிறது. 1970-இல் மில்லார்டு பாஸ் என்னும் அமெரிக்க மருத்துவர், கரைப்பான்களையும் தெளிப்பான் வாயுக்களையும் முகர்ந்து திடீரென மாண்ட 110 இளம் வயதினரைப் பற்றி எழுதியபோதுதான், இம்மரணம் ஒரு தனி வகையாக மருத்துவத்தில் இடம்பெற்றது. ஆகவே பிள்ளை ஒருவன் முகர்ந்துகொண்டிருப்பதைக் காண நேர்ந்த தகப்பனார், கோபத்தால் கூச்சலிட்டு அவனைத் துரத்துவது மிகவும் ஆபத்தானது. ஜன்னலைத் திறந்து, தணிந்த குரலில் பேசி, அவனை அமர்த்துவதே அந்த நேரத்துக்கு ஏற்ற செய்கை. கண்டிக்க வேண்டியதைக் கண்டிக்க மறுநாள் இருக்கிறது.

நியூசிலாந்தில் இவ்வகை மரணங்களைக் கணக்கெடுத்துப் பொதுமக்கள் முன் வைத்தவர், தலைமை மரண விசாரணை அதிகாரியாக இருந்த நீதிபதி நீல் மக்லீன். 2012-இல் வெளியான அவருடைய அலுவலகத்து அறிக்கை, 2000-ஆம் ஆண்டு தொடங்கிப் பியூட்டேன் சார்ந்த பொருள்களை முகர்ந்து இறந்தவர்கள் 63 பேர் என்று கூறிற்று. அவர்களில் மிகப் பெரும்பாலோர் இருபத்தைந்து வயதை எட்டாதவர்கள்; மாவோரி இளைஞர்கள் தங்கள் ஜனத்தொகைக்கு மிஞ்சிய விகிதத்தில் இருந்தார்கள். ஐம்பது லட்சத்தையும் எட்டாத ஜனத்தொகை கொண்ட அன்றைய நியூசிலாந்தில் இது சிறிய தொகையன்று. அப்படியிருந்தும் போதையைப் பற்றிய பத்திரிகைச் செய்திகளில் இந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்த இடம் மிகவும் சொற்பம். கள்ளக் கடத்தலும் கைதும் துப்பாக்கியும் இல்லாத மரணம் செய்தியாவதில்லை போலும். அந்த மௌனத்தை நான் ஓர் அநியாயமாகவே கருதுகிறேன்.

கரைப்பான்களின் கதை நம் தாய்நாட்டோடு சேர்ந்தது. தமிழ்நாட்டு நகரங்களின் ரயில் நிலையங்களிலும் பேருந்து நிலையங்களிலும் அலைந்து திரியும் வீடற்ற சிறுவர்கள், எழுத்தை அழிக்கும் ஒயிட்னரையும், சைக்கிள் கடைகளில் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனையும் துணியில் நனைத்து முகரும் காட்சியைப் பார்த்தவர் பலர் இருப்பர். பசியையும் குளிரையும் மறக்கவே அவர்கள் அதை நாடுகிறார்கள். டொலுவீன் மூளையின் வெண்பகுதியை அரிக்கிறது. நினைவும் நடையும் கண்பார்வையும் செவியும் கெடுகின்றன. சிறுநீரகம் பழுதுபட்டு இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து கைகால்கள் செயலற்றுப் போகின்றன. கருவுற்றவள் முகர்ந்தால் சிசுவும் பாதிக்கப்படுகிறது. 2018-இல் அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிலையம் மத்திய அரசுக்காக நடத்தி, மறு வருஷம் வெளியிட்ட தேசிய ஆய்வு கூறும் ஒரு செய்தி மிகவும் வேதனைக்குரியது: பெரியவர்களைக் காட்டிலும் பிள்ளைகளிடம் மிகுந்து காணப்படும் போதைப் பழக்கம் இது ஒன்றே. பத்து முதல் பதினேழு வயது வரையுள்ளவர்களில் நூற்றுக்கு 1.17 பேரும், பெரியவர்களில் நூற்றுக்கு 0.58 பேரும் இதைக் கைக்கொண்டிருந்தனர். ஏறத்தாழ 4.6 லட்சம் பிள்ளைகளுக்குச் சிகிச்சை உதவி தேவையென்றும் அவ்வாய்வு மதிப்பிட்டது. இந்தக் கரைப்பான்கள் எவையும் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருவதில்லை.

பாப்பரைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. 1867-இல் லாடர் பிரண்டன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் மார்வலிக்கு அமைல் நைட்ரைட்டை முகரக் கொடுத்து நிவாரணம் கண்டார். நாளங்களைத் தளர்த்தும் அதே குணத்தினால், ஆண்மைக் குறைவுக்காகச் சில்டனாஃபில் மாத்திரை உட்கொண்டவர் இதை முகர்ந்தால் இரத்த அழுத்தம் சடுதியில் வீழ்ந்து உயிருக்கே அபாயமாகும். இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியையும் இது குறைப்பதுண்டு. ஐசோபுரோபைல் வகை கண்ணின் விழித்திரையைப் பாதிப்பதும் தெரிந்திருக்கிறது. நியூசிலாந்து 2020-இல் இந்நைட்ரைட்டுகளை மருத்துவர் சீட்டின் மேல் மட்டுமே வழங்கக்கூடிய மருந்துகளாக வகுத்தது. அதே ஆண்டில் ஆஸ்திரேலியா, அமைல் வகையை மருந்தாளரிடம் கேட்டு வாங்கலாம், ஐசோபுரோபைல் வகைக்கு முழுத் தடை என்று பிரித்துப் பார்த்தது. கேட்டின் தரத்தை அளந்து சட்டம் செய்யும் இந்த ஆஸ்திரேலிய வழியே எனக்கு அறிவுடையதாகத் தோன்றுகிறது.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 2013-க்கு முந்திய ஆண்டுகளில் நியூசிலாந்தின் டெய்ரி என்னும் தெருமுனைக் கடைகளில், பாலுக்கும் ரொட்டிக்கும் பக்கத்தில், செயற்கைக் கஞ்சாப் பொட்டலங்கள் பகிரங்கமாக விற்கப்பட்டன. ஒரு ரசாயனத்தை அரசாங்கம் தடுத்தால், அதன் மூலக்கூறில் ஓர் அணுவை மாற்றி, புதுப் பெயரில் மறுமாதமே விற்றார்கள். இந்தத் துரத்தலுக்கு முடிவு காண, துணைச் சுகாதார அமைச்சரான பீட்டர் டன் 2013-இல் கொண்டுவந்த மனமயக்கப் பொருள்கள் சட்டம், பாரத்தைத் தலைகீழாக்கிற்று: மயக்கம் தரும் எந்தப் புதுப்பொருளும், தீங்கு குறைந்தது என்று விற்பவரே நிரூபிக்கும் வரை விற்கத் தகாதது. நாடாளுமன்றத்தில் 119 வாக்குகள் ஆதரவாகவும் ஒன்று மட்டும் எதிராகவும் விழுந்தன. பிராணிகள் மீது சோதனை நடத்துவதற்கு அஞ்சி எதிர்த்த அவ்வொருவர் ஜான் பேங்க்ஸ். டெய்ரி, பெட்ரோல் நிலையம், மதுக்கடை ஆகியவற்றில் இத்தகைய பொருள்களை விற்கக் கூடாதென்று விதித்ததால் விற்பனை நிலையங்கள் ஆயிரக்கணக்கிலிருந்து நூற்றைம்பதளவில் சுருங்கின. ஆயினும், தற்காலிக அனுமதி பெற்ற பொருள்களினாலும் ஜனங்கள் தொல்லைப்பட, 2014 மே மாதத்தில் அவ்வனுமதிகள் யாவும் ரத்தாயின. பிராணிச் சோதனைகளின் முடிவை ஏற்பதில்லை என்று அப்போதே திருத்தமும் வந்தது. அதன் பின் எப்பொருளும் நிரந்தர அனுமதி பெற்றதில்லை. உலகத்துக்கே வழிகாட்டும் என்று புகழப்பட்ட சட்டம், நடைமுறையில் முழுத் தடையாகவே முடிந்தது.

நைட்ரஸ் ஆக்ஸைடும் இச்சட்டத்தின் வலைக்குள்ளேயே இருக்கிறது. மயக்கத்துக்காக அதை விற்றால் இரண்டாண்டு வரை சிறை; விற்பது ஒரு நிறுவனமாயின் ஐந்து லட்சம் டாலர் வரை அபராதம். கிரீம் நுரைக்க விற்றாலோ குற்றமில்லை. பொருள் ஒன்று, கடை ஒன்று, வாங்கும் கை ஒன்று. குற்றமும் குற்றமின்மையும் விற்பவனுடைய நோக்கத்தைப் பொறுத்தவை. நோக்கத்தைக் கண்ணால் பார்த்தவர் யார்? நள்ளிரவில் பலூன்களோடு சேர்த்துப் பெட்டி பெட்டியாக வாங்கும் இளைஞர் கூட்டம் பலகாரம் செய்யப் போவதில்லை என்பது கடைக்காரருக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்தது என்று நீதிமன்றத்தில் நிரூபிப்பதுதான் கடினம்.

இந்நிலையில் தண்டனையைக் கூட்டினாலென்ன என்ற கேள்வி எழுவது இயல்பு. அதை எழுப்பியவர் பக்குரங்காத் தொகுதியின் பிரதிநிதியே. 2017-இல் அத்தொகுதியிலிருந்து முதன்முறை தேர்ந்தெடுக்கப்பட்ட சைமியன் பிரௌன், மனமயக்கப் பொருள்களை விற்பவர்க்குரிய உச்சத் தண்டனையை இரண்டாண்டிலிருந்து எட்டாண்டாக உயர்த்தும் தனி உறுப்பினர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். செயற்கைக் கஞ்சாவினால் 2017-இன் நடுவிலிருந்து ஓராண்டுக்குள் நாற்பதுக்கு மேற்பட்டோர் இறந்ததாக ஐயுறப்பட்ட காலம் அது. ஆகவே அவருடைய ஆத்திரம் நியாயமானதே. 2018 ஜனவரியில் முதல் வாசிப்பைக் கடந்த அம்மசோதா சட்டமாகவில்லை. 2019-இல் அரசாங்கம், மிகக் கொடிய இரு செயற்கைக் கஞ்சா ரசாயனங்களை முதல் வகுப்புப் போதையாக்கி விற்பவரைக் கடுமையாகத் தண்டிக்கவும், பயன்படுத்துவோர் விஷயத்தில் வழக்கைக் காட்டிலும் சிகிச்சை நன்மை தருமா என்று போலீஸார் சீர்தூக்கவும் வழி செய்தது. 2025 ஜனவரியில் பிரௌன் அவர்களே சுகாதார அமைச்சரானார்.

எட்டாண்டுச் சிறை பொட்டலம் விற்பவனை அச்சுறுத்தலாம். லைட்டர் வாயு விற்பவரை எந்தச் சிறையும் அச்சுறுத்தாது. ஏனெனில் அவர் குற்றம் செய்யவில்லை. வாசனைத் தெளிப்பானை வாங்கி வைத்தவர் அந்தப் பிள்ளையின் தாயாராகவே இருக்கலாம். ஆகவே இவ்விஷயத்தில் நன்மை செய்தவை, பொருளையும் அது விற்கப்படும் முறையையும் மாற்றிய சட்டங்களே என்பது என் அபிப்பிராயம். 1990-இல் ஒரே ஆண்டில் முகர்தலினால் 152 உயிர்களை இழந்த பிரிட்டன், 1999-இல் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்க்கு லைட்டர் நிரப்பும் பியூட்டேனை விற்பதைத் தடுத்தது. ஆஸ்திரேலியாவின் உட்பிரதேசத்துப் பழங்குடி ஊர்களில் பெட்ரோல் முகர்ந்து ஒரு தலைமுறையே நலிந்துகொண்டிருந்தபோது, மயக்கம் தரும் நறுமண ஹைட்ரோகார்பன்களை ஐந்து சதவீதத்துக்குள் அடக்கிய ஓப்பல் என்னும் எரிபொருளை 2005-இல் பி.பி. நிறுவனம் தயாரித்தது, அது புழக்கத்துக்கு வந்த ஊர்களில் முகர்தல் வெகுவாகக் குறைந்தது. வாகனம் முன்போலவே ஓடிற்று. முகர்ந்தவனுக்கு மயக்கம் மட்டும் கிட்டவில்லை. 2013-இல் அதற்கென்று தனிச்சட்டமும் இயற்றினார்கள். இந்தியாவிலும் 2012-இல் புட்டியில் அடைத்த ஒயிட்னருக்கும் தின்னருக்கும் சில்லறை விற்பனையில் தடை விதித்து, பேனா வடிவத்தை மட்டும் அனுமதித்தது இதே நெறியைப் பின்பற்றியதே.

வேறு வழியை மேற்கொண்ட தேசங்களும் உண்டு. சிங்கப்பூர் 1987-இலேயே பசை முகர்வதையே குற்றமாக்கி, இரண்டாயிரம் வெள்ளி அபராதமோ ஆறு மாதச் சிறையோ இரண்டுமோ விதிக்கலாம் என்று சட்டம் செய்தது. நெதர்லாந்து 2023 ஜனவரி முதல் நைட்ரஸ் ஆக்ஸைடைப் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்தது. பிரிட்டனும் அதே ஆண்டு நவம்பரில் மூன்றாம் வகுப்பில் சேர்த்து, வைத்திருப்பவனுக்கு இரண்டாண்டு வரையும் விற்பவனுக்குப் பதினான்காண்டு வரையும் தண்டனை ஏற்படுத்திற்று. விற்பவனைத் தண்டிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. முகர்ந்த பிள்ளைக்குச் சிறையைக் காட்டினால் அவன் கால் மரத்துப்போனதை யாரிடமும் சொல்ல மாட்டான். சொல்லாத ஒவ்வொரு வாரமும் அவனுடைய முதுகுத் தண்டுக்கு நஷ்டம். நியூசிலாந்து செய்யத்தக்கது, பெரிய உருளைகளையும் சுவையூட்டிய வாயுவையும் சில்லறைக் கடையிலிருந்து அகற்றி உணவுத் தொழிலாளர்க்கு மட்டும் வழங்குவதும், லைட்டர் வாயுவுக்கு வயது வரம்பு வைப்பதும் ஆகும். டெய்ரி நடத்தும் நம்மவர்கள் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கொள்ளைக்கும் நஷ்டத்துக்கும் நடுவில் கடை நடத்தும் அவர்களுடைய கஷ்டத்தை அறிந்தே சொல்கிறேன்: அந்த லாபம் வேண்டாம்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை சில. ஊதப்படாத பலூன்கள், விரல் நீளமுள்ள எஃகுக் குப்பிகள், அளவுக்கு மிஞ்சித் தீரும் வாசனை டப்பாக்கள், வாயைச் சுற்றிச் சிவந்த தடிப்பு, துணிகளில் ரசாயன வாடை, காரணமற்ற தலைவலியும் தள்ளாட்டமும் கண்ணில் பட்டால் விசாரிக்க வேண்டும். மயங்கிக் கிடப்பவரை நல்ல காற்றுக்குக் கொண்டுவந்து, பக்கவாட்டில் படுக்க வைத்து, அருகில் நெருப்பில்லாமல் பார்த்துக்கொண்டு, 111-ஐ அழைக்க வேண்டும். மூச்சு இல்லையேல் தொலைபேசியின் மறுமுனையில் பேசுபவர் சொல்லியபடி மார்பை அழுத்த வேண்டும்.

கால் மரத்துப்போன இளைஞரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்போது நைட்ரஸ் ஆக்ஸைடு முகர்ந்ததை மறைக்கக் கூடாது. வழக்கமான பரிசோதனையில் இரத்தத்தின் பி12 அளவு சரியாகவே தோன்றலாம். வைட்டமின் இருக்கும், வேலை மட்டும் செய்யாது. ஹோமோசிஸ்டீனையும் மெதில்மலோனிக் அமிலத்தையும் சோதித்தால்தான் உண்மை வெளிப்படும். அவ்வுண்மையைத் தேடும் எண்ணம், முகர்ந்த சேதி காதில் விழுந்த மருத்துவருக்கே தோன்றும். முகர்தலை அறவே நிறுத்தி, ஹைட்ராக்ஸோகோபாலமின் என்னும் பி12 ஊசியை உடனே தொடங்கினால் பலர் பெரும்பாலும் தேறிவிடுகிறார்கள். நிறுத்தாமல் ஊசி மட்டும் போட்டுக்கொண்டால் பயனில்லை, ஏனெனில் உட்செலுத்திய வைட்டமினையும் வாயு செயலிழக்கச் செய்துவிடும். நியூசிலாந்தில் மதுவும் போதையும் பற்றிய இலவச உதவித் தொலைபேசி 0800 787 797. பேச விரும்பாதவர் 1737 என்ற எண்ணுக்குச் செய்தி அனுப்பலாம். விஷம் பற்றிய ஆலோசனைக்கு 0800 764 766 இரவும் பகலும் திறந்திருக்கிறது. அழைப்பவர் பிள்ளையாகவும் இருக்கலாம், பெற்றோராகவும் இருக்கலாம்.